கூடைக் காசு வந்தால் உதவித்தொகை நின்றுவிடுமா?

கேள்வி: மேடம், எனக்கு 36 வயது. இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் பாதிக்கப்பட்டன. 80 சதவீதம் என்று சான்று இருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் அரசு உதவித்தொகை என் வங்கிக் கணக்கில் வருகிறது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் அம்மாவுடன் இருக்கிறேன். மூன்று வருடமாக ஒயர் கூடை பின்னி விற்கிறேன். பெரிய கூடை 450 ரூபாய். ஒயருக்கு 260 போனால் 190 நிற்கும். பணத்தைத் தம்பியின் ஜிபே எண்ணுக்கே போடச் சொல்கிறேன். என் கணக்கில் பணம் ஏறினால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு நின்றும் போனது. இப்போது ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்கு 150 சின்னக் கூடை, 40 நாளில் வேண்டும், ஒன்று 80 ரூபாய் என்கிறார்கள். பெங்களூரிலிருந்தும் ஒருவர் கேட்கிறார். உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் 3 லட்சம் லோனும் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 1,500 ரூபாய் கேட்டார், 500 கொடுத்துவிட்டேன். ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் தொடர்ந்து உட்கார முடிகிறது. அதற்கு மேல் போனால் ராத்திரி தோள் வலிக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் ஒரு பயம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் வரும் பணம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. மற்றது, தாலுகா அலுவலகம் வழியாக வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். ஊரில் இரண்டையுமே ‘பென்ஷன்’ என்றுதான் சொல்வோம், அதில்தான் பாதிக் குழப்பம். ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். பராமரிப்பு உதவித்தொகையில் முதன்மையாகப் பார்ப்பது பாதிப்பின் தன்மையையும் சதவீதத்தையும். கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 75 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். வருவாய்த்துறை ஓய்வூதியத்தில் பாதிப்போடு சேர்த்து வறுமையையும் பார்க்கிறார்கள். அதிலேயே மத்திய அரசின் பங்கு சேரும் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் என்றால் 80 சதவீதப் பாதிப்பு வேண்டும், குடும்பமும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

உங்களுக்கு வருவது 2,000 ரூபாய். வருவாய்த்துறை ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து 1,500. தொகையை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பராமரிப்பு உதவித்தொகையாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் தொகையை மட்டும் நம்ப வேண்டாம். அனுமதி ஆணை என்று ஒரு தாள் தந்திருப்பார்கள், அம்மாவின் பெட்டியில் ரேஷன் கார்டோடு கிடக்கும். அதன் தலைப்பில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று இருக்கிறதா, வட்டாட்சியர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால், நீங்கள் கூடை விற்பதற்கும் அந்தப் பணத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பயப்பட வேண்டியதில்லை. வட்டாட்சியர் என்றால் வருமானக் கணக்கை இன்னும் கவனமாக எழுதி வையுங்கள். நாளைக்கு கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்தால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

பக்கத்துத் தெருக்காரருக்கு ஏன் நின்றது என்று யாராவது அலுவலகத்தில் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். வாழ்நாள் சான்று கொடுக்காமல் விட்டது, ஆதார் இணைப்பு விட்டுப்போனது, வங்கியில் கேஒய்சி (அடையாள ஆவணங்கள்) புதுப்பிக்காதது, கணக்கே செயலற்றுப் போனது என்று பணம் நிற்கப் பல காரணங்கள் உண்டு. என்னிடம் ‘ஜிபேயால் நின்றது’ என்று வந்தவர்களின் பாஸ்புக்கைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒன்றுதான் இருக்கும். அவரையும் காரணத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் மனது ஆறவில்லை என்றால் நாலு வரி எழுதிக் கேட்டுவிடலாம். ‘நான் இன்ன எண்ணுள்ள ஆணைப்படி உதவித்தொகை பெற்று வருகிறேன். வீட்டிலிருந்தபடி கைவினைப் பொருள் செய்து மாதம் சுமார் இவ்வளவு ரூபாய் ஈட்டுகிறேன். இதனால் எனது தகுதியில் மாற்றம் உண்டா என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’ இதோடு அடையாள அட்டை நகலை வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கேட்டால் வம்பை விலைக்கு வாங்கியதாகாதா என்று அம்மா சொல்லலாம். மறைத்து வைத்தது பின்னால் வெளிவந்தால்தான் வம்பு. கேட்டு வைத்த தாள் உங்களுக்குக் காவல்.

அடுத்து தம்பியின் ஜிபே. தம்பியைக் குறை சொல்லவில்லை, அவர் உதவிதான் செய்கிறார். ஆனால் மூன்று வருடம் உழைத்த பிறகும் நீங்கள் ஒரு கூடையாவது விற்றீர்கள் என்பதற்கு உங்கள் பெயரில் ஒரு அத்தாட்சியும் இல்லை. விற்பனை முழுவதும் அவர் கணக்கில் ஏறிக் கிடக்கிறது. நாளைக்கு நீங்கள் கடன் கேட்டுப் போனால் வங்கியில் முதலில் கேட்பது உங்கள் பெயரிலுள்ள ஸ்டேட்மென்ட்டைத்தான். அதில் மாதம் ஒரு 2,000 வரவு, ஒரு 2,000 எடுப்பு, அவ்வளவுதான் இருக்கும்.

உங்கள் பெயரில் இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். உதவித்தொகை வருகிற கணக்கை அப்படியே விட்டுவிட்டு, கூடைப் பணம் மட்டும் இதில் வரட்டும். இது ஒளிப்பதற்கான ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கணக்கிலும் இருப்பது ஒரே ஆதார்தான், பார்ப்பவர்களுக்குத் தெரியத்தான் செய்யும். கணக்கு கலங்காமல் இருக்கவே இது. கணக்கு திறக்கும்போது முழு கேஒய்சி கொடுத்துத் திறக்கிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழு ஆவணம் இல்லாமல் திறக்கும் ‘சிறு கணக்கு’ என்றால் ஒரு வருடத்தில் 1 லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது. நடப்புக் கணக்கு இப்போது தேவையில்லை. மேனேஜர் ஆசை காட்டினாலும் வேண்டாம்.

பான் கார்டு எடுத்தால் இன்கம்டாக்ஸ்காரர்கள் வருவார்கள் என்ற பேச்சும் உங்கள் ஊரில் இருக்கும். உங்கள் வருமானத்துக்கும் வரி கட்டும் அளவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அடுத்த கணக்கு சொல்லும். பான் எடுங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல நினைப்பது. பெரிய கூடையில் 190 ரூபாய் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்பதில்லை. கைப்பிடிக்குள் கொடுக்கும் ட்யூப், அடியில் வைக்கும் பிளாஸ்டிக் குமிழ் இரண்டுக்குமாக ஒரு கூடைக்கு 20 ரூபாய் வைப்போம். ஒயர் வாங்க ஆட்டோ வைத்து டவுனுக்குப் போய்வர 150 ரூபாய், ஒரு தடவை போனால் மூன்று கூடைக்குத்தான் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் கூடைக்கு 50. ஆக, 450இல் 330 செலவு. மிச்சம் 120. சிவன்கண் பின்னல் போட்டுப் பெரிய கூடை ஒன்றை முடிக்க உங்களைப்போல் பழகிய கைக்கும் ஒன்பது மணி நேரம் ஆகிறது என்றால், மணிக்கு 13 ரூபாய் சொச்சம். எட்டு மணி நேரத்துக்கு 107. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த ஒரு நாள் கூலியே 336 ரூபாய்.

உங்களை வருத்தப்படுத்த இதை எழுதவில்லை. எல்லாக் கைவேலைக்காரர்களும் செய்வதுதான் இது. பொருளுக்கு விலை போடும்போது கையில் கொடுத்த காசை மட்டும் எண்ணுவார்கள், கையை எண்ண மாட்டார்கள். உங்களுக்கு மற்றவர்களைவிட இது முக்கியம், ஏனென்றால் உங்களிடம் ஒரு நாளில் இருப்பது மூன்று மணி நேரம்தான். அந்த மூன்று மணி நேரத்தை, மணிக்கு 13 ரூபாய்க்குக் கொடுப்பதா, 30 ரூபாய்க்குக் கொடுப்பதா என்பதுதான் உங்கள் தொழிலே.

ஒயரைப் பத்துக் கூடைக்குச் சேர்த்து வாங்கினால் ஆட்டோ செலவு கூடைக்கு 15 ஆகிவிடும். விலையை 550 ஆக்கினால் 255 நிற்கும், மணிக்கு 28 ரூபாய். ‘450க்குத்தானே கொடுத்தீர்கள்’ என்று பழைய ஆள் கேட்பார். அவருக்கு 500க்குக் கொடுங்கள், புது ஆளுக்கு 550 சொல்லுங்கள். அதற்கும் யாரும் வரவில்லை என்றால் பெரிய கூடையை ஆர்டருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுப் பை அளவில் பின்னிப் பாருங்கள். ஒயர், உதிரிச் சாமான், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 125 ஆகி, நான்கு மணி நேரத்தில் முடிந்து, 250க்கு விற்றால் மணிக்கு 31 ரூபாய். மடியில் வைத்துப் பின்னலாம், தோளைத் தூக்க வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியில் தடை வந்த பிறகு கையில் பையோடு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த அளவுதான் தோது.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு போதும். இடது பக்கம் வாங்கியது, வலது பக்கம் விற்றது, கூடவே எத்தனை மணி நேரம் என்று ஒரு கட்டம். ஒயர்க்கடைச் சீட்டையும் அதிலேயே பின் போட்டு வையுங்கள். யாராவது உங்கள் கணக்கில் வந்த பணத்தைக் காட்டி ‘இவ்வளவு சம்பாதிக்கிறாயே’ என்று கேட்டால், வந்த பணம் வேறு, வருமானம் வேறு என்று காட்டுவதற்கு இந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. வருமானச் சான்று எடுக்கப் போகும்போதும் இதையே கையில் கொண்டுபோங்கள்.

தினம் மூன்று மணி, மாதம் 25 நாள், மணிக்கு 30 ரூபாய் என்றால் 2,250 ரூபாய். இதுதான் நேர்மையான எதிர்பார்ப்பு. அரசு தருவது ஒரு 2,000, உங்கள் கை தருவது இன்னொரு 2,000 சொச்சம். வருடத்துக்கு 27,000. வருமான வரி எங்கோ இருக்கிறது, நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள். கூடையை நம்பி உதவித்தொகையை விட்டுவிடலாம் என்று யாராவது உற்சாகப்படுத்தினால் கேட்காதீர்கள். உதவித்தொகைக்குப் பயந்து கூடையை விடுவதும் அதே அளவு தப்பு.

கல்யாண ஆர்டருக்கு வருகிறேன். சின்னக் கூடை ஒன்றுக்கு ஒன்றரை மணி என்றால் 150க்கு 225 மணி நேரம். 40 நாளில், ஒரு நாள் விடாமல், தினம் ஐந்தரை மணிக்கு மேல். உங்களால் முடியாது, முயலவும் கூடாது. சிறுவயதில் போலியோ வந்தவர்களுக்குப் பல வருடம் கழித்து, நன்றாக இருந்த தசைகளும் அதிக உழைப்பால் தளர்ந்துபோவது உண்டு. ராத்திரி வலிக்கும் தோளை அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ, உங்களுக்குத் தோள்தான் கால்.

40 நாளில் ஓய்வுக்கும் உடம்பு முடியாத நாளுக்கும் பத்து நாளைக் கழியுங்கள். மிச்சம் 30 நாளில் 90 மணி, அறுபது கூடை. அறுபதுதான் முடியும் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். விலை 80 கட்டாது. ஒயர் 45, மற்றது 5, வண்டிக்கூலி 2 போனால் 28 ரூபாய்க்கு ஒன்றரை மணி உழைப்பீர்கள். 100 ரூபாய் கேளுங்கள். பாதிப் பணம் முன்பணம் என்று சொல்லுங்கள். 3,000 வரும், அதில் 2,700க்கு ஒயரை முழுவதும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். பிரித்துப் பிரித்து வாங்கினால் அதே சிவப்பு அடுத்த கட்டில் வேறு சாயலாக இருக்கும், கல்யாண வீட்டில் அறுபதையும் வரிசையாக வைக்கும்போது அது பளிச்சென்று தெரியும்.

மீதி 90 கூடையை விட மனமில்லையா? பின்னத் தெரிந்த மற்றவர்களைச் சேருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிச் சுய உதவிக்குழு அமைக்க ஐந்து பேர் போதும், ஆண்களும் சேரலாம். வட்டார அளவில் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். குழு வந்துவிட்டால் கண்காட்சிகளில் இடம் கேட்பதும் எளிது. ஆனால் இந்தக் கல்யாணத்துக்குள் குழு பதிவாகிவிடாது, அதனால் இந்த முறை கூலிக்குக் கொடுங்கள். ஒரு கூடைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி நோட்டில் எழுதி, மாதிரிக்கு ஒரு கூடையும் கொடுத்துவிடுங்கள்.

பெங்களூர் ஆர்டரை இப்போதைக்கு அன்பாக மறுத்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவர்களுக்கு வருடம் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநிலம் தாண்டினால் அந்த வரம்பு பொருந்தாது. அரசு அறிவித்த பட்டியலிலுள்ள கைவினைப் பொருட்களுக்கு மட்டும் 20 லட்சம் வரை விலக்கு உண்டு. நீங்கள் பின்னும் ஒயர் கூடை அந்தப் பட்டியலில் வருமா என்பதை ஒரு ஆடிட்டரிடம் காட்டிக் கேட்ட பிறகு அனுப்பலாம். ஆன்லைன் விற்பனைத் தளங்களில் போடுவதும் இப்படித்தான். 2023 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி இல்லாத சிறு வியாபாரிகளும் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் அவற்றின் வழியாக விற்கலாம். அதற்கும் பான் வேண்டும், பதிவெண் ஒன்றும் வாங்க வேண்டும். இருபது ஊருக்கு விற்பதைவிட விருதுநகர், சிவகாசி, மதுரையில் இருபது பேருக்கு விற்றால் பார்சல் செலவாவது மிஞ்சும்.

கடன்? 3 லட்சத்தை ஐந்து வருடத்தில் கட்டுவதென்றால், வட்டி வெறும் 5 சதவீதமாக இருந்தாலும் மாதத் தவணை 5,600 ரூபாயைத் தாண்டும். நீங்கள் ஈட்டப்போவது 2,250. உங்களுக்கு இப்போது தேவை பத்துக் கூடைக்கான ஒயர், அதற்கு 2,600 ரூபாய். அதைக் கல்யாண ஆர்டரில் மிஞ்சும் பணமே பார்த்துக்கொள்ளும். ஒரு வருடம் நோட்டும் பாஸ்புக்கும் நிறையட்டும். பிறகு தேவைப்பட்டால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் சுயதொழில் வங்கிக் கடன் மானியம் இருக்கிறது. கடனில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது. 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்துக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், உங்களுக்கு நிரம்பிவிட்டது. 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 வரை மானியம். கூடை முடைதலில் ஒயர் கூடையையும் சேர்த்துக்கொள்கிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். எந்தத் திட்டமானாலும் மானியம் முதலில் கண்ணில் படும், தவணை மாதாமாதம் படும்.

கடைசியாக அந்த 1,500 ரூபாய் ஆள். உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. ஆதாரும் பானும் இருந்தால் போனிலேயே செய்துவிடலாம், தம்பி செய்து தருவார். தொழிலின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும், தம்பியுடையதை மறந்தும் போட்டுவிடாதீர்கள். பதிவு செய்தாலே உதவித்தொகை நின்றுவிடும் என்பதும் வெறும் பேச்சுதான். கொடுத்த 500 போனது போகட்டும். அவர் போன் செய்து ‘ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க’ என்றால் சொல்லாதீர்கள். ஆதார் நகல் ஏற்கெனவே அவரிடம் போயிருந்தால், அரசின் ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கண் அடையாளத்தை, பூட்டி வைத்துவிடுங்கள். உங்கள் உதவித்தொகையை ஆதார் கைரேகை வைத்து எடுக்கும் வழக்கம் இருந்தால், எடுக்கும் அன்று மட்டும் திறந்துகொள்ளலாம்.